மகன் கேட்கும் பைக்கும் மலைநாட்டு வீதியும்



"உம்மா, எனக்கொரு பைக் எடுத்துத் தாங்களே!" என்ற குரல் ஒலிக்காத வீடு இன்று நமது பதுளைப் பகுதியில் அரிது. உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த பிள்ளை கேட்கிறான். பஸாரில் ஒரு கடையில் சேர்ந்து முதற் சம்பளம் வாங்கிய பிள்ளை கேட்கிறான். சாப்பாட்டை ஒதுக்கி, முகம் கொடுத்துப் பேசாமல் நாலு நாள் இருந்தாவது கேட்டதைப் பெற்றுக்கொள்கிறான்.

எடுத்துக் கொடுக்கும் காசு யாருடையது? பெரும்பாலான வீடுகளில் அது தாயின் சீட்டுக்காசு. அல்லது தங்கைக்கென்று எடுத்து வைத்த காப்பு. அல்லது வளைகுடா நாடொன்றில் வாப்பாவோ ராத்தாவோ வெயிலில் உழைத்து அனுப்பிய பணம். ஆனால் வண்டி பார்க்கப் போவது மகனும் அவனுடைய கூட்டாளிமாரும். எந்த வண்டி என்று தீர்மானிப்பதும் அவர்களே. காசு கொடுத்த தாய்க்கு வண்டியின் நிறம் மட்டும்தான் சொல்லப்படுகிறது!

"மெஷினைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும் மௌலவி?" என்று தாய்மார் பலர் என்னிடம் கேட்பதுண்டு. தெரிய வேண்டியது அவ்வளவு அதிகமில்லை. வீட்டுக்கு அரிசி வாங்கும்போது எத்தனை பேர், எத்தனை நாள் என்று கணக்குப் பார்ப்பவர் நீங்கள்தானே? இதுவும் அதே கணக்குத்தான். யார் ஓட்டப் போகிறார்? எந்த வீதியில்? எவ்வளவு தூரம்? பின்னால் யார் இருக்கப் போகிறார்கள்? இந்த நான்கு கேள்விக்கும் விடை தெரிந்தால், எந்த வண்டி என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

முதலில் வீதியைப் பாருங்கள்

பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில், சுற்றிவர மலைகள் நிற்கும் ஒரு கிண்ணத்தின் அடியில் இருப்பது போல அமைந்திருக்கிறது. எந்தப் பக்கம் புறப்பட்டாலும் விரைவில் ஏற்றமோ இறக்கமோ வந்துவிடும். பண்டாரவளை 1,200 மீற்றருக்கு மேல். ஹப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேல். எல்லவிலிருந்து வெல்லவாய போகும் வீதி ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரத்திலிருந்து 200 மீற்றர் அளவுக்கு விழுந்து செல்கிறது. பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, ஸ்பிரிங்வெளி என்று எந்தத் தோட்டப் பக்கம் போனாலும் வளைவுக்கு மேல் வளைவுதான்.

இந்த வீதிகள் எத்தகையவை என்பதை நாம் கண்ணீரோடு அறிவோம். 2021 மார்ச் 20ஆம் திகதி காலை லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் ஒன்று பசறை 13ஆம் கட்டையருகே பள்ளத்தில் வீழ்ந்து பல உயிர்களைப் பலிகொண்டது. 2025 செப்டம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல – வெல்லவாய வீதியில் சுற்றுலா முடித்துத் திரும்பிய பஸ் ஒன்று பள்ளத்தில் பாய்ந்து 15 பேர் மாண்டனர். அதே ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல், நமது மாவட்டத்தில் உயிர்களையும் பாதைகளையும் ஒருசேரப் பறித்தது. நான்கு சக்கரம், ஆறு சக்கரம் உள்ள வாகனங்களுக்கே இந்த நிலை என்றால், இரண்டு சக்கரத்தில் போகும் பதினெட்டு வயதுப் பிள்ளையின் நிலையைச் சொல்லவும் வேண்டுமா?

தோட்டத்துப் பாதைகளின் கதை வேறு. தார் தேய்ந்து கல் எழும்பிய இடம், கொங்கிறீட் முடிந்து சேறு தொடங்கும் இடம், கொழுந்து லொறி திரும்பும் முடக்கு என்று அடிக்கு அடி கவனம் தேவை. ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரையுள்ள மழைக்காலத்தில் மூடுபனியும் சேர்ந்துகொள்ளும்.

ஆகவே கொழும்பில் காலி வீதியில் ஓடுவதற்கு ஏற்ற வண்டி நமது வீதிக்கும் ஏற்றதாகிவிடாது. நமக்கு வேண்டியது வேகமாக ஓடும் வண்டியல்ல. மெதுவாக இறங்கத் தெரிந்த, உடனே நிற்கத் தெரிந்த வண்டி.

வயதும் அனுமதிப்பத்திரமும்

சாதாரண தரம் எழுதிய 16 வயதுப் பிள்ளைக்கு வண்டி எடுத்துக் கொடுத்துவிட்டு, "ஊருக்குள்ளே மட்டும் ஓடு மகன்" என்று சொல்கின்ற பெற்றோர் இருக்கிறார்கள். நமது நாட்டுச் சட்டப்படி மோட்டார் சைக்கிள் ஓட்டக் குறைந்தது 18 வயது பூர்த்தியாக வேண்டும். வைத்தியச் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, பயிலுநர் அனுமதி, பிறகு செயன்முறைப் பரீட்சை என்று ஒழுங்கு இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாதவன் விபத்தில் சிக்கினால் காப்புறுதி கைகொடுக்காது. அவன் மோதிய ஆளின் வைத்தியச் செலவும் வழக்கும் வாப்பாவின் தலையில்தான் விழும்.

அனுமதிப்பத்திரத்தில் இரண்டு வகை உண்டு. எஞ்சின் 100 சீசீக்கு மேற்படாத வண்டிக்கு 'ஏ1'. அதற்கு மேற்பட்டால் 'ஏ'. வண்டியின் பெயரில் 100 என்று எழுதியிருந்தாலும் எஞ்சின் 102 ஆக இருக்கும் வண்டிகளும் உள்ளன. ஆகவே பெயரைப் பார்க்காமல் பதிவுப் புத்தகத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். பிள்ளையின் அனுமதிப்பத்திரம் அந்த எண்ணுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். வண்டி எடுப்பதற்கு முன்பே 'ஏ' வகைக்கு விண்ணப்பிப்பது பிற்காலத்துக்கும் நல்லது.

எத்தனை சீசீ?

மகனோடு வாக்குவாதம் தொடங்கும் இடம் இதுதான். 150 சீசீ, 200 சீசீ என்று அவன் கேட்பான். "நூறு சீசீ மலை ஏறாது உம்மா" என்பான். அவன் சொல்வதிலும் ஓரளவு உண்மை உண்டு. இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு நமுனுகுலைப் பக்கம் ஏறும்போது 100 சீசீ வண்டி முதலாம், இரண்டாம் கியரில்தான் ஊரும். ஆனால் போய்ச் சேரும். ஒரு காலத்தில் ஜப்பானிலே தபாற்காரர் ஓட்டிய ஹொண்டா எம்.டி. 90 நமது மலைகளிலே ஏறவில்லையா? ஹொண்டா நிறுவனம் 1958இல் 50 சீசீ எஞ்சினோடு தொடங்கிய சூப்பர் கப் வண்டி, 2017 ஆகும்போது 10 கோடியைத் தாண்டிவிட்டது. சின்ன எஞ்சினை வைத்துத்தான் ஆசியாவின் பாதிக் குடும்பங்கள் சந்தைக்கும் பாடசாலைக்கும் வயலுக்கும் போய் வந்தன.

எடையையும் வலுவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 100 சீசீ வண்டி ஒன்றின் எடை ஏறத்தாழ 110 கிலோ. வலு 8 குதிரைவலு அளவு. 150 சீசீ வண்டி ஒன்று 145 கிலோ அளவுக்கு வரும். வலு 14 குதிரைவலுவை எட்டும். பாரமான வண்டி சரிவில் சாயத் தொடங்கினால் மெலிந்த பிள்ளையால் தாங்கிப் பிடிக்க முடியாது. அக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கூடத் திருகிவிட்டால் சின்ன வண்டி முனகும். பெரிய வண்டி பாயும். கை பழகாதவனுக்கு முனகும் வண்டியே பாதுகாப்பு.

வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கத் தேவைப்படும் தூரம் நான்கு மடங்காகும். மணிக்கு 30 கிலோமீற்றரில் போகிறவனையும் 60இல் போகிறவனையும் ஒரே வளைவில் ஒரே மாடு மறித்தால், முதலாமவன் மாட்டைப் பார்த்துச் சிரிப்பான்; இரண்டாமவனுக்குச் சிரிக்க அவகாசம் இருக்காது.

ஆகவே ஒரு பொது விதி சொல்கிறேன். தனியாக வேலைக்குப் போய்வரும் பிள்ளைக்கு 100 சீசீ போதும். தினமும் ஒருவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஹப்புத்தளை, பண்டாரவளை என்று ஏற வேண்டிய பிள்ளைக்கு 125 சீசீ வரை நியாயம். அதற்கு மேல் கேட்பது வீதிக்காகக் கேட்பதல்ல, பஸாரில் நிற்பவர்களின் கண்ணுக்காகக் கேட்பது.

இன்னொன்றையும் நினைவூட்டுகிறேன். 2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்து கியூ.ஆர். முறை தொடங்கியபோது, மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்தது வாரத்துக்கு 4 லீற்றர். லீற்றருக்கு 60 கிலோமீற்றர் ஓடும் சின்ன வண்டி வைத்திருந்தவர் அந்த 4 லீற்றரில் 240 கிலோமீற்றர் போனார். 40 மட்டும் ஓடும் வண்டிக்காரர் 160இல் நின்றுவிட்டார். அத்தகைய காலம் மறுபடியும் வராது என்று யார் உத்தரவாதம் தருவது?

புதியவனுக்கு ஆபத்து ஏன் அதிகம்?

அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஹரி ஹர்ட் என்ற ஆய்வாளரின் குழு 900 மோட்டார் சைக்கிள் விபத்துக்களை, விபத்து நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981இல் அறிக்கை வெளியிட்டது. இத்துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் அறிக்கை அது. விபத்துக்குள்ளானவர்களில் 92 சதவீதத்தினர் முறையான பயிற்சி பெறாதவர்கள். தாமாகவோ, குடும்பத்தாரிடமோ, நண்பர்களிடமோ கற்றுக்கொண்டவர்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்தக் குறிப்பிட்ட வண்டியில் 5 மாத அனுபவம்கூட இருக்கவில்லை.

இந்த இரண்டாவது விடயத்தைத் தாய்மார் கவனிக்க வேண்டும். மகன் கூட்டாளியின் பைக்கில் ஒரு வருடம் ஓடியிருக்கலாம். ஆனாலும் புது வண்டி அவனுக்குப் புதிதுதான். அதன் பிரேக் எவ்வளவு பிடிக்கும், வளைவில் எப்படிச் சாயும் என்பது கைக்கும் காலுக்கும் பழகச் சில மாதங்கள் எடுக்கும்.

அதே அறிக்கை வேறொன்றும் சொல்கிறது. ஆபத்து தெரிந்ததற்கும் மோதியதற்கும் இடையே ஓட்டியவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் 2 செக்கனுக்கும் குறைவு. அந்த நேரத்தில் பலர் பின் பிரேக்கை மிதித்து வண்டியைச் சறுக்க விட்டார்கள். அதிகமாக நிறுத்தக்கூடிய முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை. "முன் பிரேக்கைப் பிடித்தால் குப்புற விழுவாய்" என்று நமது ஊரிலும் கூட்டாளிமார் சொல்லிக் கொடுப்பார்கள். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, முன்னதைப் படிப்படியாக அழுத்தப் பழகுவதே முறை. மணலிலும் ஈரத்திலும் மட்டும் முன் பிரேக்கில் கை மென்மையாக இருக்க வேண்டும். இதைக் கூட்டாளி சொல்லிக் கொடுக்க மாட்டான்; பதிவு செய்யப்பட்ட பயிற்சிப் பாடசாலைக்குப் போகவேண்டும். அந்தச் செலவையும் வண்டியின் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

வண்டியில் பார்க்க வேண்டியவை

முதலாவது, கால். பிள்ளையை வண்டியில் இருத்திப் பாருங்கள். இரண்டு பாதமும் முழுமையாக நிலத்தில் பதிய வேண்டும். நுனிவிரலால் மட்டும் ஊன்றுகிறவன் ஹாலி-எல சந்தியில் ஏற்றத்தில் நிறுத்தும்போது ஒரு பக்கம் சாய்ந்துவிடுவான். வண்டியை நிறுத்தி வைத்து, பின்னோக்கித் தள்ளச் சொல்லுங்கள். தள்ள முடியாத வண்டி அவனுக்குரிய வண்டியல்ல.

இரண்டாவது, சக்கரம். குண்டும் குழியுமான தோட்டத்துப் பாதைக்கு 17 அல்லது 18 அங்குலச் சக்கரம் நல்லது. பெரிய சக்கரம் குழியைக் கடந்து போகும். சின்னச் சக்கரம் குழிக்குள் இறங்கும்.

மூன்றாவது, பிரேக். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சீசீக்கு மேற்பட்ட வண்டிகளுக்குச் சக்கரம் இறுகிச் சறுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். முறை கட்டாயமாக்கப்பட்டது. 125 சீசீ வரையுள்ள வண்டிகளுக்கு ஒரு பிரேக்கை அழுத்தினால் இரண்டு சக்கரத்திலும் பிடிக்கும் சி.பி.எஸ். முறையாவது இருக்க வேண்டும் என்றானது. நமது நாட்டில் ஓடுபவற்றில் மிகப் பல இந்திய வண்டிகளே. ஆனால் இங்கே வரும் எல்லா வண்டியிலும் அது இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். கேட்டு, காட்டச் சொல்லிப் பாருங்கள். அழகான ஸ்டிக்கருக்குக் கொடுக்கும் காசை இதற்குக் கொடுப்பது புத்திசாலித்தனம்.

இறக்கத்தில் ஒரு பாடம்

பெற்றோல் மிச்சம் பிடிப்பதாக எண்ணி, இறக்கத்தில் நியூட்ரலில் போட்டு, சிலர் எஞ்சினையும் நிறுத்தி, வண்டியை உருள விடுவார்கள். மலைநாட்டில் இதைவிட மோசமான பழக்கம் வேறில்லை. கியரில் இருக்கும்போது எஞ்சினே சக்கரத்தைப் பிடித்து இழுத்து வேகத்தைக் குறைக்கும். நியூட்ரலில் அந்தப் பிடி இல்லை. முழுப் பாரமும் பிரேக்கில் விழுகிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிப்பு குறைந்துவிடும். எல்லவிலிருந்து கீழே இறங்கும் பஸ், லொறிக்கு எந்த விதியோ, பைக்குக்கும் அதே விதிதான்: ஏறிய கியரிலேயே இறங்கு.

மகளுக்கு ஸ்கூட்டர்

மகன் என்றே பேசிக்கொண்டிருக்கிறேன். தோட்டப் பாடசாலைக்கு ஆசிரியை நியமனம் பெற்று, காலை பஸ்ஸைத் தவறவிட்டால் மூன்று மைல் நடக்க வேண்டிய மகளும் நமது வீடுகளில் இருக்கிறாள். அவளுக்கும் ஒரு வண்டி தேவைப்படலாம். கியர் இல்லாத ஸ்கூட்டர் ஓட்ட இலகு, ஏறி இறங்க வசதி, உடைக்கும் ஒத்துவரும்.

ஆனால் மலைக்கு வரும்போது இரண்டு குறைகள். சக்கரம் சிறிது, குழியில் தடுமாறும். எஞ்சினின் பிடி கியர் வண்டியில் போல இருக்காது. இறக்கத்தில் பிரேக்கை நம்பியே போக வேண்டும். நகரத்துக்குள் ஓடுபவளுக்கு இது பெரிய குறையில்லை. நீண்ட இறக்கத்தில் தினமும் போகிறவளானால், இரு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் ஸ்கூட்டராகப் பார்த்து எடுங்கள். இடையிடையே நிறுத்தி பிரேக்கை ஆற விடவும் சொல்லிக் கொடுங்கள். 100 சீசீக்கு மேற்பட்ட ஸ்கூட்டர்கள் அதிகம் என்பதால் அவளுக்கும் 'ஏ' வகை அனுமதிப்பத்திரமே பொருத்தம்.

பின்னிருக்கையில் நீங்கள்

இந்த வண்டியில் பின்னால் இருக்கப் போவது யார்? நீங்கள்தான். கிளினிக்குக்கும் கலியாண வீட்டுக்கும் மகன் உங்களைத்தான் ஏற்றிச் செல்வான். ஆகவே உங்கள் உடையை நினைத்தும் வண்டியைத் தெரிவு செய்யுங்கள்.

அபாயாவின் ஓரமும், சாரி முந்தானையும், சோல் துண்டும் சக்கரத்திலோ செயினிலோ சிக்கினால் ஒரு நொடியில் ஆளை இழுத்து வீழ்த்திவிடும். கழுத்தைச் சுற்றிய துணியானால் நிலைமை இன்னும் பயங்கரம். இந்தியாவின் 1989ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி, பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடியும் கால் மிதியும் வேண்டும், உடை சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதியையாவது மூடும் காப்பு வேண்டும் என்று சொல்கிறது. 'சாரி கார்ட்' என்று நாம் அழைப்பது அதைத்தான். வண்டி எடுத்தவுடன் அழகு கெடுகிறது என்று மகன் முதலில் கழற்றுவதும் அதைத்தான்! கழற்ற விடாதீர்கள். செயின் முழுவதையும் மூடும் பெட்டி உள்ள வண்டியானால் இன்னும் நல்லது.

ஏறும் முன் அபாயாவின் ஓரங்களை மடித்து உங்கள் உடம்புக்கும் இருக்கைக்கும் இடையே அடக்கிக்கொள்ளுங்கள். சோலின் நுனியை உள்ளே செருகுங்கள். ஹெல்மெட் அணிய வேண்டியவர் ஓட்டுகிறவர் மட்டுமல்ல, நீங்களும்தான். ஹெல்மெட்டுக்குக் கீழே மெல்லிய துணி மட்டும் இருக்கட்டும். குண்டூசிகளைக் கழற்றிவிடுங்கள், விழுந்தால் அவை தலையில் குத்தும். சின்னப் பிள்ளையைப் பெற்றோல் தாங்கியின் மேல் இருத்தி மத்ரஸாவுக்குக் கொண்டுபோகும் வழக்கத்தையும் விட்டுவிடுவோம். திடீர்ப் பிரேக்கில் முதலில் பறப்பது அந்தப் பிள்ளைதான்.

புதியதா, பழையதா?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடமும் பழைய வண்டிகளே கைமாறிக் கைமாறி ஓடின; விலையும் ஏறியது. ஆகவே சந்தையில் உள்ள பழைய வண்டி பலவற்றுக்கு வெளியே புதுப் பெயின்டும் உள்ளே தேய்ந்த எஞ்சினும் இருக்கலாம்.

முதல் வண்டியாகப் பழையது எடுப்பது தவறல்ல. புதியவன் ஓரிரு தடவை சாய்க்கத்தான் செய்வான். பழையதில் கீறல் விழுந்தால் மனம் அவ்வளவு நோகாது. ஆனால் நம்பிக்கையான கராஜ் பாஸ் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப் புகை வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. முன் ஃபோர்க்கில் எண்ணெய் கசிகிறதா, டயர் தேய்ந்திருக்கிறதா, சேஸியில் ஒட்டுப் போட்ட அடையாளம் உண்டா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் இலக்கமும் சேஸி இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும்.

'ஓப்பன் பேப்பர்' என்று சொல்லி, பெயர் மாற்றாமல் கைமாறும் வண்டியை ஒருபோதும் எடுக்காதீர்கள். நாளை அந்த வண்டியைப் பற்றி ஒரு வழக்கு வந்தால் உரிமையாளர் யார் என்பதையே நிரூபிக்க முடியாமல் நிற்பீர்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயர் மாற்றத்தைத் தாமதிக்காமல் முடியுங்கள். வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்றிதழ், காப்புறுதி மூன்றும் ஒழுங்காக இருக்க வேண்டும். சட்டம் கேட்கும் குறைந்தபட்சக் காப்புறுதி மூன்றாம் தரப்புக்குரியது. அது மற்றவருக்கு நேரும் சேதத்துக்கு. உங்கள் வண்டிக்கு அதில் எதுவும் கிடைக்காது.

தவணைக்கு எடுப்பவர்கள் பலர். வட்டியை ஏன் தவிர்க்க வேண்டும் என்று இந்தப் பக்கத்தின் வாசகியருக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் 'இஸ்லாமியப் பிரிவு' என்ற பெயர்ப்பலகையைப் பார்த்ததும் கேள்வி கேட்காமல் கையொப்பமிடுகிறோமே, அது சரியா? முராபஹா என்றால் நிறுவனம் முதலில் வண்டியைத் தான் வாங்கித் தனக்கு உடைமையாக்கி, பிறகு இலாபத்தைத் தெரிவித்து உங்களுக்கு விற்க வேண்டும். இஜாரா என்றால் வண்டி அவர்களுடையது. நீங்கள் வாடகை கொடுக்கிறீர்கள். ஆகவே மூன்று கேள்வி கேளுங்கள். வண்டி இப்போது யாருக்குச் சொந்தம்? கடைசித் தவணை வரை நான் கொடுக்கும் மொத்தத் தொகை எவ்வளவு, அது இடையில் மாறுமா? தவணை தாமதித்தால் அறவிடும் பணம் எங்கே போகிறது? தெளிவான பதில் வராத இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

பிறகு வீட்டுக் கணக்கையும் பாருங்கள். பிள்ளையின் சம்பளத்தில் தவணை போக, பெற்றோலும் திருத்த வேலையும் போக, வீட்டுக்கு என்ன மிஞ்சும்? தவணை கட்ட முடியாமல் வண்டியைத் திருப்பிக் கொண்டுபோகும் நாளில் போவது வண்டி மட்டுமல்ல. அதுவரை கட்டிய உங்கள் காப்பும் சேர்ந்தே போகிறது.

ஹெல்மெட்டை முதலில் வாங்குங்கள்

வண்டிக்கு இலட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு, மிஞ்சிய சில்லறைக்கு நடைபாதையில் ஹெல்மெட் எடுப்பது நமது வழக்கமாகிவிட்டது. மருத்துவ ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்துப் பார்த்த கொக்ரேன் நிறுவனத்தின் 2008ஆம் ஆண்டு மீளாய்வு, ஹெல்மெட் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் மரண ஆபத்தை 42 சதவீதமும் தலைக்காய ஆபத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று கண்டது. வேறு எந்தப் பொருளுக்குக் கொடுக்கும் காசு இவ்வளவு திருப்பித் தரும்?

எஸ்.எல்.எஸ். முத்திரை உள்ளதைப் பார்த்து வாங்குங்கள். தலையில் வைத்து ஆட்டினால் ஆடக்கூடாது. நாடிப் பட்டி மாட்டப்பட வேண்டும். மாட்டாத ஹெல்மெட் விழும்போது தலையைவிட்டு முதலில் பறந்துவிடும். ஒரு தடவை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை வெளியே நல்லதாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். பட்ஜெட் போடும்போது இரண்டு ஹெல்மெட்டின் விலையை முதலில் ஒதுக்கி, மீதிக்கு வண்டி தேடுங்கள்.

வீட்டுக்குள் ஒரு சட்டம்

நியூசிலாந்து நாடு 1987இல் ஒரு புதுமை செய்தது. புதிதாக அனுமதிப்பத்திரம் பெறும் இளைஞர்களுக்கு முழு உரிமையையும் ஒரே நாளில் கொடுக்காமல், படிப்படியாகக் கொடுத்தது. ஆரம்பத்தில் இரவு 10 மணிக்குப் பிறகு தனியாக ஓட்டக்கூடாது. ஆட்களை ஏற்றக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்தது. பிறகு வேறு பல நாடுகளும் அதைப் பின்பற்றின.

அத்தகைய ஒரு சட்டத்தை ஒரு தாய் தன் வீட்டுக்குள் போடலாமே! முதல் ஆறு மாதம் மஃரிபுக்குப் பிறகு வண்டி வெளியே போகாது. மழையிலும் மூடுபனியிலும் பஸ்ஸில் போவது. பின்னால் கூட்டாளியை ஏற்றுவதில்லை; உம்மாவையும் தங்கையையும் ஏற்றுவதும் ஆறு மாதத்துக்குப் பிறகுதான். போன் வந்தால் ஓரமாக நிறுத்திப் பேசுவது. "எங்கே இருக்கிறாய், ஏன் லேட்?" என்று அடிக்கடி அழைத்து, ஓடும்போதே அவனைப் போன் எடுக்க வைக்காமல் இருப்பது உங்கள் பங்கு. ஏதாவது நேர்ந்தால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்பியூலன்ஸ் வரும் என்பதை வீட்டில் எல்லோரும் மனனம் செய்திருக்க வேண்டும்.

இந்த நிபந்தனைகளைக் காசு கொடுக்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். சாவி கைக்குப் போன பிறகு பேசினால் அது சண்டையாகிவிடும். "என்மேல் நம்பிக்கையில்லையா உம்மா?" என்று அவன் கேட்டால், "உன்மேல் நம்பிக்கை இருக்கிறது மகன். வளைவுக்கு அந்தப் பக்கம் வருகிற லொறிமேல்தான் இல்லை" என்று சொல்லுங்கள்.

பிள்ளை இறைவன் தந்த அமானிதம். ஆகவே மகன் வண்டி பார்க்கப் புறப்படும்போது, "என்ன நிறம்?" என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். கூடவே போங்கள். அவனை வண்டியில் இருத்தி, இரண்டு காலும் நிலத்தில் பதிகிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். பதிந்தால் மட்டும் கைப்பையைத் திறவுங்கள். வல்ல அல்லாஹ் நமது பிள்ளைகள் அனைவரையும் வீதியின் ஆபத்துக்களிலிருந்து காத்து, அந்தி சாயும் முன் அவரவர் வாசலுக்குக் கொண்டுவந்து சேர்ப்பானாக!